நிமிர்த்திய கோடு

என் கணவர் கட்டடங்களைப் படம் எடுப்பவர். நான் அவற்றை நிமிர்த்துபவள்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வேலை அதுதான். உயரமான கட்டடத்தைக் கேமரா கீழிருந்து அண்ணாந்து பார்த்தால், சுவர்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துகொள்ளும், ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி. அதைக் கம்ப்யூட்டரில் பிடித்து இழுத்து நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். குறுக்கே போகிற ஒயர், யாரோ ஜன்னலில் காயப்போட்ட துண்டு, குப்பைத்தொட்டி, புறா எச்சம், ஏசி பெட்டியிலிருந்து வழிந்த கறை எல்லாவற்றையும் துடைத்துக் கொடுக்க வேண்டும். பதினோரு வருஷமாகச் செய்கிறேன். ஊரில் பாதிக் கட்டடங்களை அவற்றின் சொந்தக்காரர்களைவிட நான்தான் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று இவரிடம் சொல்வேன். இவர் சிரிக்க மாட்டார். சிரித்தால் கேமரா ஆடிவிடும் என்ற பயம், கேமரா கையில் இல்லாதபோதும் உண்டு.

தொழில் வட்டாரத்தில் இவருக்கு 'ரசமட்டம்' என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அது. குமிழி நடுவில் நின்றால் சமம். இவர் சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சாண் நீளத்தில் ஒரு ரசமட்டம் இருக்கும். முக்காலியில் கேமராவை மாட்டியதும் அதைக் கேமராவின் தலையில் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவுக்கு வராமல் பட்டனைத் தொட மாட்டார். போகிற வீடுகளில் சுவரில் கோணலாகத் தொங்குகிற படங்களை நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். எனக்குத்தான் மானம் போகும்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. இவருடைய அக்கா. என் நாத்தனார். ஊரறிந்த ஆர்க்கிடெக்ட்.

"தம்பி இருக்கானா?"

"குளிக்கிறார் அண்ணி."

"எப்ப போன் பண்ணினாலும் குளிக்கிறான். அவன் என்ன மனுஷனா, நீர்யானையா? சரி, நீயே கேட்டுக்கோ. நூலகத்துக்குப் பெரிய பரிசுக்குப் பேர் போயிருக்கு. வியாழக்கிழமை குழு நேர்ல வருது. அஞ்சு பேர். அவங்களுக்கு விழாவே அந்த மாடி வாசிப்பு அறையிலதான் வச்சிருக்கேன். நூத்தைம்பது நாற்காலி போடச் சொல்லியாச்சு. அந்தரத்துல உட்கார்ந்து பார்த்தாத்தான் அவங்களுக்கு உறைக்கும். அதுக்கு முன்னாடி எனக்குப் புதுப் படம் வேணும். அதே இடம், அதே கோணம். பழைய படம் பக்கத்துல வச்சுக் காட்டணும், ரெண்டு வருஷத்துல ஒரு நரை கூட விழலைன்னு. புரியுதா?"

"புரியுது அண்ணி."

"உனக்குப் புரிஞ்சு என்ன? அவன்கிட்ட சொல்லு."

வைத்துவிட்டார்.

அந்த நூலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மாடி. முதல் மாடியில் வாசிப்பு அறை மட்டும் கட்டடத்தை விட்டு வெளியே நீண்டிருக்கும், மேசையில் இழுத்துவிட்டு மூட மறந்த டிராயர் மாதிரி. ஒன்பது மீட்டர். கீழே ஒரு தூண் கிடையாது. அதன் அடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவார்கள். திறந்த வாரத்தில் இவர் அதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தார். அறையின் அடிக்கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வீச்சு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. அந்தப் படம் பத்திரிகை அட்டையில் வந்தது, அழைப்பிதழில் வந்தது, நாத்தனார் அலுவலகச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏறியது. அந்தப் படத்துக்குப் பிறகுதான் எங்களுக்கும் ஓயாமல் வேலை வர ஆரம்பித்தது. அது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்று நாத்தனார் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அந்த மூன்றில் என்னையும் சேர்த்ததை நான் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனோம்.

எதிர்ப்பக்க நடைபாதையில் இவர் குனிந்து நடந்து தேடினார். தேடியது மூன்று சிவப்புப் புள்ளிகளை. எந்தக் கட்டடத்தை எடுத்தாலும், முக்காலியின் கால்கள் நின்ற இடத்தில் என் நகப்பூச்சை எடுத்து மூன்று சொட்டு வைத்துவிட்டு வருவது இவர் வழக்கம். லென்ஸ் எது, கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரம், எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுவார். நாளைக்கே திரும்பப் போய் நின்றாலும் இம்மி பிசகாமல் அதே இடம் கிடைக்கும். என் நகத்துக்கு ஒரு சொட்டு மிஞ்சாது, அது வேறு விஷயம்.

"இருக்கு," என்றார். செருப்பால் தூசியைத் தள்ளினார். கல்லில் மூன்று புள்ளிகள், கொஞ்சம் மங்கலாக.

வெளியே எடுத்து முடித்து, உள்ளே எடுக்க மாடிக்குப் போனோம். நூலகர் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயசுப் பெண்மணி. கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் தொங்கும். ஒன்று படிக்க, ஒன்று முறைக்க.

"தள்ளுங்க," என்றார். "தோளைக் குடுத்துத் தள்ளுங்க. சும்மா கையால தள்ளினா திறக்காது."

வாசிப்பு அறைக் கதவு தரையை உரசிக்கொண்டு கர்ர்ர் என்று திறந்தது. தரையில் கால் வட்டமாக ஒரு வெள்ளைக் கீறல்.

"போன வருஷம்தான் அடியைச் சீவினாங்க. இப்ப மறுபடி பிடிக்குது. கதவு குண்டாகுதா, தரை குண்டாகுதான்னு தெரியலை."

உள்ளே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் நீளமாக விழுந்தது. அழகான அறை, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இவர் முக்காலியை விரித்தார். நான் நூலகரின் மேசைமேல் பையை வைத்தேன். என் கை பட்டு அவருடைய உருண்டைப் பேனா உருண்டது. உருண்டு, மேசையைத் தாண்டி, தரையில் விழுந்து, நிற்காமல் ஜன்னல் பக்கம் போனது.

"விடுங்க," என்றார் நூலகர். "சாயங்காலம் மொத்தமாப் பொறுக்கிக்குவேன். இந்த ரூம்ல விழற பேனா எல்லாம் அந்த ஜன்னலுக்குத்தான் போகும். வேடிக்கை பார்க்கற ஆசை போல."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை, அது வழக்கம்தான். ஆனால் பேனா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்க்கிடெக்ட் மேடத்துக்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லாம? போன வருஷமே கடுதாசி போட்டேன், கதவு பிடிக்குது, அறை இறங்கற மாதிரி இருக்குன்னு. அவங்க அப்ப வெளியூர்ல வேலையா இருந்தாங்களாம். உங்க வீட்டுக்காரரை விட்டுப் படம் எடுத்து வரச் சொல்லி, அது மேல ஸ்கேல் வச்சுப் பார்த்தாங்களாம். கோடு நேரா இருக்கு, ஒண்ணும் இறங்கலை, கதவைச் சீவுங்கன்னு பதில் போட்டாங்க. படத்தையும் கூடவே அனுப்பியிருந்தாங்க. நானும் ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். நேராத்தான் இருந்தது. நமக்குத்தான் கண்ணு கோணல்னு விட்டுட்டேன்."

நான் மேசைமேல் இருந்த பையைத் திரும்ப எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

போன வருஷப் படம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு மத்தியானம் இவர் வந்து, 'அக்கா நூலகத்துல ஒரு படம் கேட்டா, பார்த்து அனுப்பிடு' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்திரிகைக்காக இருக்கும் என்று நினைத்தேன். முதல் படத்தைப் பாதி தெரிகிற மாதிரி மேலே வைத்துப் பார்த்தேன். ஜன்னல், விளக்குக்கம்பம், பக்கத்துக் கட்டடம் எல்லாம் பொருந்தின. அறையின் வெளிக்கோடி மட்டும் பொருந்தவில்லை. கொஞ்சம் கீழே இருந்தது. ரசமட்டத்துக்கும் கை நழுவுமா என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். பிடித்து மேலே இழுத்தேன். முதல் படத்தோடு அச்சாகப் பொருந்தும்வரை இழுத்தேன். மூன்று நிமிஷ வேலை. அன்றைக்கு அதில் எனக்கு ஒரு பெருமைகூட.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கேமராவில் பதிந்தது பதிந்தபடியே இருக்கும் கோப்புகளை இவர் அழிக்கவே மாட்டார். திறந்த வாரம் எடுத்தது, போன வருஷம் எடுத்தது, இன்றைக்கு எடுத்தது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ஒன்றையும் இழுக்கவில்லை, தொடவில்லை.

எல்லாம் பொருந்தியது. விளக்குக்கம்பம் ஒன்றாகவே நின்றது. அறையின் அடிக்கோடு மட்டும் சுவரோரத்தில் ஒன்றாகக் கிளம்பி, போகப் போக மூன்றாகப் பிரிந்தது. விசிறி மாதிரி.

"இங்க வாங்க," என்றேன்.

இவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரைப் பக்கம் குனிந்தார்.

"லென்ஸா இருக்கலாம்," என்றார்.

"நோட்டைப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். அதே லென்ஸ். அதே உயரம். மூன்று முறையும்.

"முக்காலி..."

"புள்ளி மேலதானே வச்சீங்க?"

"புள்ளி மேலதான் வச்சேன்."

ஜன்னல் சட்டத்தின் அகலம் எங்களுக்குத் தெரியும், முன்பே அளந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டேன். போன வருஷம் இரண்டு விரற்கடை. இன்றைக்கு நாலு. புதுக் கட்டடம் முதல் வருஷம் கொஞ்சம் இறங்கும், பிறகு நின்றுவிட வேண்டும்; இது நிற்கவில்லை.

"போன வருஷப் படத்துல இது எப்படித் தெரியாம போச்சு?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"நான் நிமிர்த்திட்டேன்," என்றேன். "எப்பவும் பண்றதுதானே. நீங்க எதுக்குன்னு சொல்லலை."

"நீ கேட்கலை."

"ஆமா, கேட்கலை."

சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. இவர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். நான் திரையில் அந்த மூன்று கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் நூற்றைம்பது நாற்காலி. அதற்கு அடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். நடுவில் இன்னும் ஒரு நாள்.

புதன்கிழமை காலை நாத்தனார் அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் 'நானே பேசறேன், நீ சும்மா இரு' என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அக்காவின் அறைக்குள் நுழைந்ததும் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்காவின் முன்னால் இவருக்கு எப்போதும் எட்டு வயசுதான்.

"என்னடா, புதுப் படம் எங்க?" என்றார் நாத்தனார். மேசைமேல் அட்டையில் செய்த குட்டி நூலகம். அதிலும் அந்த அறை நேராகத்தான் நீண்டிருந்தது. "வாயைத் திற. ஃபோட்டோகாரன் வீட்டுல பேச்சும் டெவலப் ஆகணுமா?"

இவர் என்னைப் பார்த்தார்.

நானே சொன்னேன். மூன்று படங்களையும் லேப்டாப்பில் காட்டினேன். போன வருஷப் படத்தில் நான் செய்ததையும் மறைக்கவில்லை. நடுவில் அவர் குறுக்கிடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார். "ஆக, போன வருஷம் நீ எனக்குப் பொய்ப் படம் குடுத்தே."

"பொய்னு தெரியாது அண்ணி. எல்லாப் படத்துக்கும் பண்றதைத்தான்..."

"போன வருஷம் கோணலை நேராக்கினே. அது எனக்குத் தெரியலை. இந்த வருஷம் நேரைக் கோணலாக்கியிருந்தா, அது மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?"

நான் லேப்டாப்பைப் பாதி மூடினேன்.

"சொல்லு. இழுத்தா மேல போகுது. இழுத்தா கீழயும் போகும்தானே? உன் கையில இருக்கற கோட்டை நம்பி நான் நாளைக்கு விழாவை நிறுத்தணுமா? அதுவும் யாரு கையில? என் பேரைச் சொன்னாலே உனக்கு முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

"அக்கா," என்றார் இவர்.

"நீ பேசாதே. வீட்டுக்காரி சொன்னா கூடவே கிளம்பி வந்துடுவியா? இன்ஜினியர் கணக்கு இருக்கு. அவர் கையெழுத்து இருக்கு. இந்த மாதிரி அறைன்னா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதுக்கும் கணக்கு உண்டு. வெள்ளிக்கிழமை ஆள் விட்டு அளக்கச் சொல்றேன். வியாழன் முடியட்டும்."

"வியாழக்கிழமைதானே அண்ணி அங்க நூத்தைம்பது பேர்?"

அவர் ஒரு பென்சிலை எடுத்து ஒரு தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார், நாங்கள் போய்விட்ட மாதிரி.

வெளியே வந்ததும் இவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. நாத்தனார் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அவர் சொன்னது நியாயம். என் கை பட்ட எந்தக் கோட்டையும் இனி யாரும் நம்ப வேண்டியதில்லை. படத்தைக் காட்டிப் பிரயோசனம் இல்லை. நான் செய்ததைத்தான் காட்ட முடியும்.

நூலகத்துக்கு நடந்தேன். இவர் பின்னாலேயே வந்தார்.

நூலகரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். 'போன வருஷம் உங்களுக்கு அனுப்பப்பட்ட படத்தில் வாசிப்பு அறையின் அடிக்கோடு என்னால் கம்ப்யூட்டரில் மேலே இழுத்து நேராக்கப்பட்டது. அது அறையின் உண்மையான நிலை அல்ல. அந்தப் படத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.' தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். போட்டபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தாள் வெளியே போனால், இனி எந்த ஆர்க்கிடெக்ட்டும் எங்கள் வீட்டுக்குப் போன் பண்ண மாட்டார். இவர் பக்கத்தில் நின்று வாசித்தார். தடுக்கவில்லை. பேனாவை வாங்கி, 'சரி' என்று என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

நூலகர் முதலில் ஒரு கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு இன்னொன்றை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"ஒரு வருஷமா இங்க உட்கார்ந்து பேனா பொறுக்கிட்டிருக்கேன்," என்றார் மெதுவாக. அப்புறம் எழுந்தார். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களை வெளியே வரச் சொன்னார். கதவை இரண்டு கையாலும் இழுத்து மூடிப் பூட்டினார். சாவியைக் கைப்பைக்குள் போட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கீழே நின்ற காவலாளியைக் கூப்பிட்டு, அறைக்கு அடியில் யாரும் நிற்காமல் கயிறு கட்டச் சொன்னார். "இனி மேடத்துக்கு நானே போன் பண்றேன். நீங்க போய்த் தண்ணி குடிங்க. முகம் வெளுத்துப் போயிருக்கு."

அரை மணியில் நாத்தனார் வந்துவிட்டார். மாடிப்படியில் அவர் ஏறிய சத்தத்திலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?"

நூலகர் தாளை நீட்டினார். நாத்தனார் வாசித்தார். தம்பியின் கையெழுத்து வந்த இடத்தில் கண் நின்றது.

"நீயுமாடா?"

"ஒரு நிமிஷம் உள்ள வா அக்கா. ஒரே நிமிஷம்." எட்டு வயசுக் குரல் இல்லை அது. "படம் வேண்டாம். கம்ப்யூட்டர் வேண்டாம். அப்புறம் நீ சொல்றதைக் கேட்கறேன்."

நூலகர் பூட்டைத் திறந்து தோளால் தள்ளினார். கதவு கர்ர்ர் என்று திறந்தது. அந்தச் சத்தத்தை நாத்தனார் அன்றுதான் முதல் முறை கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். முகம் சுருங்கியது. நாங்கள் மூவரும் வாசலிலேயே நின்றோம். இவர் மட்டும் இரண்டடி உள்ளே போய், சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

குமிழி நடுவில் நிற்கவில்லை. வாசல் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. அதாவது ஜன்னல் பக்கம் தரை தாழ்ந்திருக்கிறது.

"டைல்ஸ் சரியா பதிக்கலை," என்றார் நாத்தனார்.

இவர் அதைச் சுவரோர மரப்பலகைமேல் வைத்தார். அதே பக்கம் ஓடியது. பக்கவாட்டுக் கண்ணாடிச் சுவரின் அடிச்சட்டத்தின்மேல் வைத்தார். அதே பக்கம்.

"திருப்பி வை. கருவியே கோணலா இருக்கலாம்."

முன்பின்னாகத் திருப்பி வைத்தார். குமிழிக்கு இரண்டாவது யோசனை இல்லை.

கீழே ஏதோ பஸ் வந்து நின்று கிளம்பியது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது. எப்போதும் அதிர்வதுதான் என்று நூலகர் சொன்னார். அதன்பிறகு நாத்தனார் அந்தக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேமரா கொண்டு வந்திருக்கியா?" என்றார் கடைசியில்.

கீழே இறங்கி ரோட்டைத் தாண்டினோம். மூன்று புள்ளிகளில் முக்காலியை வைத்தார். குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினார். நாத்தனார் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கேமராவுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். கட்டடத்தின் எந்தக் கோடு சாய்ந்தாலும் அவை காட்டிக்கொடுத்துவிடும். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். நடைபாதையில் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். சேலைத் தலைப்பு தரையில் புரண்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எவ்வளவு?"

"நாலு விரற்கடை அண்ணி."

"போன வருஷம்?"

"ரெண்டு."

நிமிர்ந்தார். கணக்கு அவருக்கு என்னைவிட வேகமாக ஓடும். இறங்குவது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை என்பதற்கு அவருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"போன வருஷமே நீ அந்தப் படத்தை அப்படியே குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்பேன். இல்லை, நீங்களே ஒரு தடவை வந்து கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம்."

இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார், போதும் என்று. போதும்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நாத்தனார் போனை எடுத்தார். முதலில் இன்ஜினியருக்கு. 'இன்னைக்கே முட்டுக் கொடுக்கணும், ஆமா, இன்னைக்கே, காரணம் வந்து பாருங்க' என்றார். அடுத்து பரிசுக் குழுவுக்கு. அதற்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார். முதுகுதான் தெரிந்தது. இடையில் ஒருமுறை கையால் கட்டடத்தைக் காட்டினார், எதிர்முனையில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்பது போல.

திரும்பி வந்து தம்பியிடம், "எடு," என்றார். "இப்ப இருக்கறபடி எடு. கயிறு, குப்பைத்தொட்டி, எல்லாம் இருக்கட்டும். குழுவுக்கும் நகராட்சிக்கும் இதைத்தான் அனுப்பப் போறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். பதினோரு வருஷமாக என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அதட்டும்போதும் நீ, அபூர்வமாகக் கொஞ்சும்போதும் நீ.

"நீங்க எதையும் தொடாதீங்க," என்றார்.

மூன்று மாதம் ஆகிறது. அறைக்கு அடியில் இப்போது இரும்புத் தூண்கள் நிற்கின்றன, வரிசையாக, ஊன்றுகோல் மாதிரி. ஏன் இறங்கியது என்று இன்னும் தீர்மானமாகவில்லை. கம்பி போதவில்லை என்கிறார் ஒருவர், கான்கிரீட் என்கிறார் இன்னொருவர். அறையை வைத்துக்கொள்வதா, வெட்டி எடுத்துவிடுவதா என்று பேச்சு நடக்கிறது. பரிசு வேறு ஒரு கட்டடத்துக்குப் போய்விட்டது. நாத்தனார் இவரிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். போனை நான் எடுத்தால், 'தம்பி இருக்காரா?' என்று கேட்கிறார். தம்பிக்கும் மரியாதை கூடிவிட்டது. குளிக்கிறார் என்று சொன்னால், 'சரி, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறார். நீர்யானை இல்லை. அதற்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு வந்துகொண்டிருந்த வேலைகளில் முக்கால்வாசி நின்றுவிட்டது. ஒன்று மட்டும் நிற்கவில்லை. மாதம் தவறாமல் ஒரே இடத்திலிருந்து ஒரு படம் வேண்டும் என்று நகராட்சி கேட்டிருக்கிறது. கேட்கச் சொன்னது யார் என்று இவர் சொல்லவில்லை. இந்த முறை நான் கேட்டேன்.

"அக்காதான்," என்றார்.

இந்த மாதம் போனபோது புள்ளிகள் தேய்ந்திருந்தன. குந்தி உட்கார்ந்து, புதிதாக மூன்று சொட்டு வைத்தேன். எதிரே, மூடிய அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நூலகரின் மேசை மட்டும் தனியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து படத்தைத் திரையில் திறந்தேன். சுவர்கள் இரண்டும் சாய்ந்து நின்றன. ஒயர் குறுக்கே ஓடியது. அறையின் கோடு கடைசியில் தொங்கியது. என் கை என்னைக் கேட்காமலே மவுஸுக்குப் போயிருந்தது. எடுத்தேன். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, போன மாதப் படத்தை அதன்மேல் பாதி தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லி இவரைக் கூப்பிட்டேன்.

இவர் வந்து வைத்தார். இருவரும் அறையின் வெளிக்கோடியைத்தான் முதலில் பார்த்தோம், இன்னும் இறங்கியிருக்கிறதா என்று.